கிருஷ்ணன்கோவிலுக்கு ஜாவா வந்த வழி

ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா நூற்பாலையைத் தொடங்கியது 1936-இல். அவர் பெயரைத் தாங்கிய பாலிடெக்னிக் கல்லூரி அதே ஊரில் வந்தது 1963-இல். இடையில் 27 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் ஊர்க்காரர்கள் நூற்புத் தொழிலை ஆலைக்குள் நின்றுதான் கற்றார்கள். எந்திரம் பழுதானால் ஃபிட்டரின் பக்கத்தில் நின்று பார்த்தவன் அடுத்த முறை தானே பழுது பார்த்தான். புது எந்திரம் வந்து இறங்கினால், அதை ஓட்டப் பழகாமல் ஷிப்டு நகராது. தொழில் முன்னே வந்தது, பாடம் பின்னே வந்தது. பாடத்தில் எதைச் சேர்க்க வேண்டும், எதை விட வேண்டும் என்பதைப் பாலிடெக்னிக்கின் வாசலுக்கு எதிரே ஓடிக்கொண்டிருந்த தொழிலே சொல்லிக்கொடுத்தது. இந்த வட்டாரத்தில் கணினி நிரலாக்கத்தின் கதை இதற்கு நேர் எதிராக நடந்தது. அந்தத் தலைகீழ் வரிசையின் விளைவுகளை இன்றுவரை நம் மாணவர்கள் சுமக்கிறார்கள் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழி திறந்தபோது, 1984-இல் கிருஷ்ணன்கோவிலில் அருள்மிகு கலசலிங்கம் பொறியியல் கல்லூரி தொடங்கியது. அதே ஆண்டில் சிவகாசியில் மெப்கோ ஷ்லெங்க், கோவில்பட்டியில் நேஷனல் பொறியியல் கல்லூரி. கிருஷ்ணன்கோவிலிலிருந்து வத்திராயிருப்புப் பக்கம் திரும்பினால் சுந்தரபாண்டியம், தறியும் வயலும் சார்ந்து வாழ்ந்த ஊர். தெற்கே ஸ்ரீவில்லிபுத்தூர், அதற்கப்பால் ராஜபாளையத்தின் ஆலைகள், சத்திரப்பட்டியின் மருத்துவத் துணித் தறிகள். இந்த நிலப்பரப்பில் எந்திரவியல் படித்தவனுக்கும் மின்னியல் படித்தவனுக்கும் பார்த்துப் பழக ஏதோ ஒரு ஆலை இருந்தது. கணினி அறிவியல் படித்தவனுக்கு அப்படி எதுவும் இல்லை. ஊரின் முதலீடு மென்பொருளுக்குப் போகவில்லை என்றும் சொல்ல முடியாது. ராம்கோ குழுமம் 1990-களில் அந்தத் துறையில் இறங்கி, ஒரு நிறுவனத்தின் கணக்கு, சரக்கு, சம்பளம் அனைத்தையும் ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவரும் ஈஆர்பி தயாரிப்பில் இந்தியாவின் முன்னோடிகளில் ஒன்றானது. 1997-இல் ராம்கோ சிஸ்டம்ஸ் தனி நிறுவனமாயிற்று. ஆனால் அதன் தலைமையகம் சென்னையில். பணம் ராஜபாளையத்தில் பிறந்தது, மேசையும் நாற்காலியும் வேறு ஊரில் போடப்பட்டன. அதற்கான காரணங்கள் வணிகத்தில் நியாயமானவையே. ஆனாலும் தெற்கே இருந்த மாணவனுக்கு மென்பொருள் என்பது பேருந்து ஏறிப் போய்ப் பார்க்க வேண்டிய பொருளாகவே நின்றது.

ஜாவா பிறந்தது இதே காலத்தில். கலிபோர்னியாவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் 1991-இல் ஜேம்ஸ் காஸ்லிங்கும் சகாக்களும் வீட்டு மின்சாதனங்களுக்காகத் தொடங்கிய ஒரு மொழி, 1995 மே 23 அன்று இணையத்துக்கான மொழியாக அறிவிக்கப்பட்டது. 1996 ஜனவரியில் முதல் பதிப்பு. எழுதிய நிரலை எந்தக் கணினியிலும் ஓட்டலாம், உருவாக்கும் கருவித்தொகுப்பைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்ற இரண்டும் அதன் பெரிய கவர்ச்சி. பழைய கணினிகளும் புதியவையும் கலந்து கிடந்த தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகங்களுக்கு இதைவிட வசதியான மொழி வாய்த்திருக்க முடியாது. வலைப்பக்கத்துக்குள் படம் நகரவைக்கும் ஆப்லெட், டர்போ சி-யின் நீலத் திரையை மட்டுமே பார்த்துப் பழகிய கண்களுக்குக் கண்காட்சி போலிருந்தது. கூடவே இ. பாலகுருசாமியின் ஜாவா அறிமுக நூல் எளிய ஆங்கிலத்தில், மாணவன் வாங்கக்கூடிய விலையில் கடைகளுக்கு வந்தது. என்ஐஐடி, ஆப்டெக், எஸ்எஸ்ஐ, சிஎஸ்சி போன்ற பயிற்சி நிறுவனங்களின் பெயர்ப்பலகைகளில் சி, சி++ ஆகியவற்றோடு ஜாவாவும் ஏறியது. இரண்டாயிரமாண்டுப் பிழைத்திருத்த வேலையில் பெருத்திருந்த சேவை நிறுவனங்கள் அடுத்து இணைய வேலைகளுக்கு ஆள் தேடின. ஜாவா தெரியும் என்று விண்ணப்பத்தில் எழுதுவது வேலைக்கான முதல் தகுதியானது.

மொழி கிருஷ்ணன்கோவிலுக்கும் அதைப் போன்ற நூற்றுக்கணக்கான கல்லூரி வாசல்களுக்கும் எந்த வடிவில் வந்து சேர்ந்தது என்பதுதான் முக்கியம். 2001-இல் தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக்குள் கொண்டுவரப்பட்டன. அதுவரை தென்மாவட்டக் கல்லூரிகள் மதுரை காமராசர், மனோன்மணியம் சுந்தரனார் போன்ற பல்கலைக்கழகங்களின் கீழ் இருந்தன. இணைப்புக்குப் பின்னான தொடக்க ஆண்டுகளில் அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர், ஜாவா நூலை எழுதிய அதே பாலகுருசாமி. 2007-க்குப் பின் சில ஆண்டுகள் பல்கலைக்கழகம் மண்டலங்களாகப் பிரிந்து 2012-இல் மீண்டும் ஒன்றானது. நிர்வாகம் எப்படி மாறினாலும் ஏற்பாடு ஒன்றே: ஒரு பாடத்திட்டம், ஐந்து யூனிட், ஒரே நாளில் ஒரே கேள்வித்தாள், ஆய்வகத்தில் பட்டியலிட்ட பயிற்சிகள், அவற்றைப் பதிந்துவைக்க ஒரு ரெக்கார்டு நோட்டு. ஜாவா இந்த வட்டாரத்துக்குத் தொழிலாக வரவில்லை, பாடமாக வந்தது. பாடமாக வந்ததால், தொழிலின் வேகத்தில் வளராமல் பாடத்திட்டத்தின் வேகத்தில் வளர்ந்தது. மாணவன் ஜாவாவை ஒரு கருவியாகச் சந்திக்கவில்லை. பதினாறு மதிப்பெண் கேள்வியாகச் சந்தித்தான். திருத்தி எழுதப்படும் ஒன்றாக அல்லாமல், மனப்பாடம் செய்யப்படும் ஒன்றாக அது அவன் மனதில் பதிந்தது.

இந்த ஏற்பாட்டைக் குறை சொல்லுமுன் அதற்குச் சேரவேண்டிய பெருமையைக் கொடுத்துவிட வேண்டும். சுந்தரபாண்டியத்தில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளையும் சென்னை அதிகாரியின் பிள்ளையும் ஒரே கேள்வித்தாளை எழுதினார்கள். ஒற்றைச் சாளரக் கலந்தாய்வும் பொதுவான பாடத்திட்டமும் சேர்ந்து, வீட்டில் முதல் பட்டதாரியான பல்லாயிரம் பேரைச் சென்னைக்கும் பெங்களூருக்கும் அனுப்பின. எந்தக் கல்லூரி என்று பார்க்காமல் மதிப்பெண்ணைப் பார்த்து ஆள் எடுத்த சேவை நிறுவனங்களுக்கு, எல்லோரும் ஒரே ஜாவாவைப் படித்திருப்பது வசதியாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்தபின் எப்படியும் சில மாதம் பயிற்சி கொடுத்தார்கள். இன்ஃபோசிஸ் அதற்காகவே மைசூரில் ஒரு பெரிய வளாகத்தை எழுப்பியது. மறுபயிற்சி உறுதி என்று தெரிந்தபின் கல்லூரிப் பாடம் பழசா புதுசா என்று நிறுவனங்கள் கேட்கவில்லை. அவர்கள் கேட்காததால் கல்லூரிகளும் மாற்றவில்லை. அந்த இருபது ஆண்டு வளமே அந்தப் பழக்கத்தை இறுக்கிவிட்டது.

பாடத்திட்டம் எப்போதுமே பின்தங்கியிருந்தது என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தால் அது சரியில்லை. ஜாவா 6 வந்தது 2006 டிசம்பரில். ஜாவா 7 வர 2011 ஜூலை ஆயிற்று, அதாவது நாலரை ஆண்டுக்கு மேல். ஜாவா 8 வந்தது 2014 மார்ச்சில், ஜாவா 9 வந்தது 2017 செப்டம்பரில். மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒரு பதிப்பு. அண்ணா பல்கலைக்கழகம் பாடத்திட்ட ஒழுங்குமுறைகளைப் புதுப்பித்த ஆண்டுகள் 2008, 2013, 2017, 2021. இரண்டின் நடையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்திருக்கிறது. 2010-ஐ ஒட்டிக் கிருஷ்ணன்கோவில் பக்கம் படித்த ஒருவரின் பாடநூல் ஜாவாவுக்கும் அமெரிக்க நிறுவனங்கள் எழுதிய ஜாவாவுக்கும் நடுவே பெரிய பள்ளம் இல்லை. நடை பிரிந்தது 2017-இல். இனி ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, மார்ச்சில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று என்று அந்த ஆண்டு ஜாவா தளத்தின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரெய்ன்ஹோல்டு முன்வைத்த திட்டம் நடைமுறையாயிற்று. 2017 ஒழுங்குமுறைக்கும் 2021 ஒழுங்குமுறைக்கும் இடையில் ஜாவா 10 முதல் 17 வரை எட்டுப் பதிப்புகள் வந்துவிட்டன. அதன்பின் 2025 செப்டம்பர் வரை 18 முதல் 25 வரை இன்னொரு எட்டு. மொழி தன் நடையை மாற்றிக்கொண்டபோது, அதை இங்கே கொண்டுவந்த அமைப்புக்கு அதோடு ஓடுவதற்கான கால் இல்லை.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். திரையில் பொத்தான், பட்டியல், உரைப்பெட்டி வரைய உதவும் ஜாவா எஃப்எக்ஸ் என்ற தொகுப்பை, ஜாவா 11 வெளியான 2018-இல், சன்னுக்குப் பின் ஜாவாவின் உரிமையாளரான ஆரக்கிள் அடிப்படைக் கருவித்தொகுப்பிலிருந்து வெளியே எடுத்துவிட்டது. அது ஒரு தனித் திறந்தமூலத் திட்டமாக உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் ஜாவாவை இறக்கினால் கூடவே வராது. தனியே எடுத்து, தனியே பொருத்த வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் பொருள்நோக்கு நிரலாக்கப் பாடத்தின் ஐந்தாம் யூனிட் முழுவதும் இந்த ஜாவா எஃப்எக்ஸ்தான். ஆப்லெட்டின் கதையும் இப்படியே. உலாவிகள் அதைக் கைவிட்டபின், 2017-இல் ஜாவா 9 அதை வழக்கொழிந்ததாக அறிவித்தது. 2021-இல் ஜாவா 17 அதை நீக்கப்போவதாகவே குறித்துவிட்டது. அதற்கு முன்பு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தமிழ்நாட்டில் ஜாவா வகுப்பு என்றால் ஆப்லெட் இல்லாமல் இல்லை. பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்கள் அறியாமையால் இப்படிச் செய்கிறார்கள் என்று சொன்னால் அது அநியாயம். நூற்றுக்கணக்கான கல்லூரிகள் ஒரே தாளை எழுதும் அமைப்பில், எல்லா ஆசிரியரும் நடத்தக்கூடியதையும் எல்லா ஆய்வகமும் ஓட்டக்கூடியதையும்தான் சேர்க்க முடியும். அமைப்பே பழையதின் பக்கம் சாய்ந்து நிற்கிறது. அதற்கு யாரும் தனியே காரணமல்ல.

அடிப்படை மாறாது, பதிப்பு மாறினால் என்ன என்று ஆசிரியர்கள் பலர் கேட்பார்கள். கேள்வியில் பாதி உண்மை. வகுப்பு, மரபுரிமை, விதிவிலக்கு போன்ற கருத்துகள் 1996-இல் இருந்தபடியே இருக்கின்றன. அன்று எழுதிய பெரும்பாலான நிரல்கள் இன்றும் ஓடும். பின்னோக்கிய பொருத்தத்தை ஜாவா போல விடாமல் காத்த மொழிகள் குறைவு. ஆனால் அடிப்படை என்று நாம் நினைப்பதிலேயே சில நகர்ந்துவிட்டன. இழை என்ற த்ரெட் விலையுயர்ந்தது, எண்ணிக் கையாள வேண்டும் என்று மூன்று தலைமுறை மாணவர்கள் படித்தார்கள். இயக்கமுறைமையின் இழையோடு ஜாவா இழை ஒட்டியிருந்தவரை அது சரி. சில ஆயிரம் இழைகளிலேயே கணினி திணறும். 2023 செப்டம்பரில் ஜாவா 21-இல் நிலைபெற்ற மெய்நிகர் இழைகளை லட்சக்கணக்கில் உருவாக்கலாம். ஒரு கோரிக்கைக்கு ஓர் இழை என்ற எளிய எழுத்துமுறை, அதிகச் சுமை தாங்காது என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அது மீண்டும் பயன்படுத்தத் தக்கதாயிற்று. 2021 மார்ச்சில் ஜாவா 16-இல் உறுதியான ரெக்கார்டு என்ற வசதி, ரெக்கார்டு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதப்பட்ட தகவல் வகுப்புகளை ஒரே வரியாக்கிவிட்டது. இவை மேல்பூச்சு மாற்றங்களல்ல. ஒரு பணியை எப்படிப் பிரித்து யோசிப்பது என்பதையே இவை மாற்றுகின்றன.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் முதல் வகுப்பிலேயே நிகழ்ந்திருக்கிறது. பப்ளிக் ஸ்டேட்டிக் வாய்டு மெயின் என்று தொடங்கும் அந்த வரியை, பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்யாமல் யாரும் இங்கே ஜாவா படித்ததில்லை. பப்ளிக் என்றால் என்ன, ஸ்டேட்டிக் ஏன் என்று கேட்டவருக்கு, இப்போது எழுதிவை, பிறகு புரியும் என்பதே பதில். ஆங்கிலமும் புதிது, கணினியும் புதிது என்று வரும் ஒரு கிராமத்து மாணவனுக்கு அந்த முதல் வரியே ஒரு செய்தி சொல்லிவிடுகிறது: இது புரிந்துகொள்ள வேண்டிய பாடமல்ல, பார்த்து எழுத வேண்டிய பாடம். ஜாவாவின் தலைமை வடிவமைப்பாளர்களில் ஒருவரான பிரையன் கெட்ஸ், தொடக்கநிலையில் இருப்பவருக்கு ஏறும் பாதை செங்குத்தாக இருக்கிறது, அதைச் சமன் செய்ய வேண்டும் என்று 2022-இல் எழுதினார். அப்படிச் சமன் செய்யும் மாற்றம் முன்னோட்டமாக ஜாவா 21-இல் வந்து, பதிப்புக்குப் பதிப்பு திருத்தப்பட்டு, 2025 செப்டம்பரில் ஜாவா 25-இல் நிலைபெற்றது. இனி வகுப்பு அறிவிப்பு வேண்டாம், பப்ளிக்கும் ஸ்டேட்டிக்கும் வேண்டாம். மெயின் என்ற ஒரு செயல்கூறும் அதற்குள் அச்சிடும் ஒரு வரியும் போதும். மற்றவற்றை அவை தேவைப்படும் நாளில் பொருளோடு சொல்லிக்கொடுக்கலாம். முப்பதாண்டு வயதான மொழி, கற்கத் தொடங்குபவனுக்காகத் தன் முகப்பை இடித்துக் கட்டியிருக்கிறது. அதனால் மிக அதிகம் பயன்பெறக்கூடியவர்கள் நம் ஊர் மாணவர்கள். தற்போதைய ஏற்பாட்டில் அது கடைசியாகப் போய்ச் சேரக்கூடியவர்களும் அவர்களே.

நிறுவனங்களே இன்னும் ஜாவா 8-இல் இருக்கின்றனவே என்பது அடுத்த மறுப்பு. வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் பழைய பதிப்புகள் ஓடுவது உண்மைதான். ஆனால் பழையது தானாக அமைதியாக ஓடுவதில்லை. 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற பதிவேட்டு நூலகத்தில் வெளிச்சத்துக்கு வந்த ஓட்டை, உலகம் முழுவதும் ஜாவா நிறுவனங்களை உறங்கவிடவில்லை. பதிவேட்டில் எழுதப்படும் ஒரு வரி உரை வழியாகவே அந்நியர் ஒருவர் சர்வருக்குள் நுழைந்து தன் நிரலை ஓட்ட முடிந்தது. அந்த நூலகத்தைப் பராமரித்தவர்கள் அப்பாச்சி அறக்கட்டளையின் ஒரு சில தன்னார்வலர்கள். ஓட்டையைக் கண்டு சொன்னவர் சீனாவில் அலிபாபாவின் பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்த பொறியாளர். பழைய அமைப்பை வைத்திருக்கும் நிறுவனத்துக்குத்தான், எது ஏன் மாறியது என்று படித்துப் புரிந்துகொள்ளும் ஆள் அதிகம் தேவை. தேர்வுக்கு மட்டும் படித்த ஜாவா அந்தப் பழக்கத்தைத் தருவதில்லை.

உரிமம் பற்றிய சண்டைகளையும் இங்கே சொல்ல வேண்டும், அவை ராஜபாளையம் வரை நீள்வதால். 2006 நவம்பரில் சன் ஜாவாவின் மூலநிரலைத் திறந்துவிடத் தொடங்கியது. அதுவே ஓபன்ஜேடிகே. 2010-இல் சன்னை ஆரக்கிள் வாங்கியது. அதே ஆண்டு ஆண்ட்ராய்டில் ஜாவாவின் நிரல் இடைமுகங்களைப் பயன்படுத்தியதற்காகக் கூகுள்மீது வழக்குத் தொடுத்தது. பத்தாண்டுக்கு மேல் நடந்த அந்த வழக்கில், 2021 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூகுள் செய்தது நியாயமான பயன்பாடே என்று தீர்ப்பளித்தது. 2019-இல் வணிகப் பயன்பாட்டுக்கு ஆரக்கிளின் சொந்த வெளியீட்டின் பல பதிப்புகள் கட்டணத்துக்கு உட்பட்டன. 2023 ஜனவரியில் கட்டணக் கணக்கே மாறியது. ஜாவாவைத் தொடுபவர் எத்தனை பேர் என்பது பொருட்டில்லை, நிறுவனத்தின் மொத்த ஊழியர் எண்ணிக்கையே கணக்கு. ஆயிரம் பேருக்குக் குறைவான நிறுவனத்துக்குப் பட்டியல் விலை ஊழியருக்கு மாதம் 15 டாலர். 500 பேர் வேலை செய்யும் ஓர் ஆலை, தன் அலுவலகத்தில் ஓடும் ஒரே ஒரு மென்பொருளுக்காக இந்த உரிமத்தை எடுத்தால், இரவு ஷிப்டில் நூல் அறுந்தால் முடிச்சுப் போடும் தொழிலாளியும் கணக்கில் சேர்ந்து ஆண்டுக்கு 90,000 டாலர் ஆகும். அதே மொழியை, அதே மூலநிரலிலிருந்து கட்டிய எக்லிப்ஸ் டெமுரின், அமேசான் கொரெட்டோ போன்ற வெளியீடுகளாகக் காசில்லாமல் பயன்படுத்தலாம். இந்த வேறுபாட்டை அறிந்த ஒரு பட்டதாரி எந்த ஆலைக்கும் பெரிய செலவை மிச்சப்படுத்தித் தருவார். ஒழுங்குமுறைப் பாடத்தின் ஐந்து யூனிட்டிலும் உரிமம் பற்றிப் பேச்சே இல்லை. தொழிலில் நின்று கற்றிருந்தால் அது முதல் வாரத்திலேயே காதில் விழுந்திருக்கும்.

பாடமாக மட்டும் வந்ததால் நழுவவிட்ட இன்னொன்றும் உண்டு. ஜாவா தொடக்கத்திலேயே யூனிகோடை உள்ளே ஏற்று வந்த மொழி. 1999-இல் சென்னையில் தமிழ்இணையம் மாநாடு கூடி, விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் ஒரு தரம் காணப் போராடிக்கொண்டிருந்த நாளிலேயே, ஜாவாவின் எழுத்து வகைக்குள் தமிழ் இடம்பெற்றிருந்தது. மாறிகளுக்கும் செயல்கூறுகளுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம், மொழி ஏற்றுக்கொள்ளும். கூட்டுறவுச் சங்கத்தின் கூலிக் கணக்கைத் தமிழில் அச்சிடும் ஒரு சிறு நிரலை இரண்டாமாண்டு மாணவனே எழுதியிருக்க முடியும். ரெக்கார்டு நோட்டில் இருந்ததோ ஊருக்கும் நமக்கும் தொடர்பில்லாத, எங்கோ எழுதப்பட்ட பயிற்சிகள்.

ஜாவா தொழிலாகவே தென்னகத்துக்கு வந்த ஓர் எடுத்துக்காட்டும் இருப்பதால்தான் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது. ஸ்ரீதர் வேம்புவும் சகோதரர்களும் டோனி தாமஸும் 1996-இல் தொடங்கிய அட்வென்ட்நெட், கணினி வலையமைப்புகளைக் கண்காணிக்கும் மென்பொருளை ஜாவாவில் எழுதி விற்று வளர்ந்தது. அதுவே 2009 முதல் ஜோஹோ. 2005-இல் ஆறு மாணவர்களோடு ஒரு பயிற்சிப் பள்ளியை அது ஆரம்பித்தது. பட்டம் கேட்கவில்லை. பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்தவர்களை எடுத்து, சம்பளம் கொடுத்து, தயாரிப்பின் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்பித்தது. 2011-இல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. ராஜபாளையம் ஆலைக்குள் ஃபிட்டரின் பக்கத்தில் நின்று கற்ற முறை, மென்பொருளுக்கும் பொருந்தும் என்பதற்கு இது சான்று. ஒரு நிறுவனம் செய்ததை ஒரு மாநிலம் முழுவதும் செய்ய முடியுமா என்று கேட்டால், முடியாது என்றே சொல்வேன். தன் செலவில் கற்பிக்கும் நிறுவனம் தனக்கு வேண்டிய அளவே எடுக்கும். ஆனால் தொழிலின் பக்கத்தில் கற்பது என்ற கொள்கையைப் பிடித்துக்கொள்ள, ஒவ்வோர் ஊரிலும் ஒரு ஜோஹோ வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஏனென்றால் ஜாவாவின் பட்டறையே இன்று திறந்து கிடக்கிறது. ஒரு மாற்றம் ஏன் வேண்டும், என்ன மாற்று வழிகள் பார்க்கப்பட்டன, எது ஏன் தள்ளப்பட்டது என்பதெல்லாம் ஓபன்ஜேடிகேயின் முன்மொழிவு ஆவணங்களில் எழுத்தில் இருக்கின்றன. முதல் வகுப்பின் அந்த மெயின் வரி எப்படிச் சுருங்கியது என்ற முழு விவாதமும் அங்கே உண்டு. அதைப் படிக்க ஒரு இணைய இணைப்பு போதும். 2011-இல் பிரேசிலின் சூஜாவா என்ற பயனர் சங்கமும் லண்டன் ஜாவா சமூகமும் ஜாவாவின் நிர்வாகக் குழுவிலேயே இடம்பெற்றன. பெருநிறுவனங்களின் பக்கத்தில் சாதாரண நிரலாளர் சங்கம் ஒன்று உட்கார முடிந்திருக்கிறது. தமிழ்நாட்டின் தென்கோடிக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு பிழையறிக்கை போவதற்கு, ஒரு திருத்தம் போவதற்கு, இன்று தடை எதுவும் வெளியில் இல்லை.

இதெல்லாம் ஜாவாவுக்காக எதற்கு, இப்போது பைத்தானும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டனவே என்று சொல்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. தமிழ்நாட்டு பிளஸ் டூ கணினி அறிவியலில் முன்பு ஸ்டார் ஆபிஸும் சி++-உம் இருந்தன. ஸ்டார் ஆபிஸ் ஜாவாவைத் தந்த அதே சன் நிறுவனத்தின் தயாரிப்பு. நிறுவனம் மறைந்தது, தயாரிப்பு மறைந்தது, பாடநூல் அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் ஓடியது. 2019-இல் அங்கே பைத்தான் வந்தது. கல்லூரிகளில் செயற்கை நுண்ணறிவுக்குத் தனிக் கிளைகளே திறந்தாயிற்று. இவையும் பாடமாகத்தான் வந்திருக்கின்றன. ஐந்து யூனிட், ரெக்கார்டு நோட்டு, பதினாறு மதிப்பெண் என்ற அதே வழியில் போனால், ஜாவாவுக்கு இருபதாண்டில் நேர்ந்தது இவற்றுக்கு ஐந்தாண்டிலேயே நேரும். இவற்றின் வேகம் ஜாவாவைவிடப் பல மடங்கு.

தன்னாட்சி பெற்ற கல்லூரிகளுக்கும், 2006-இல் கலசலிங்கம் பெற்றதுபோல் நிகர்நிலைத் தகுதி பெற்ற நிறுவனங்களுக்கும், பாடத்திட்டத்தைத் தாமே வகுக்கும் உரிமை இருக்கிறது. இணைப்புக் கல்லூரிகளுக்கு அந்த உரிமை இல்லாவிட்டாலும், ஆய்வக நேரம் அவர்கள் கையில் இருக்கிறது. பாடத்திட்டக் குழுக்களை நான் கேட்டுக்கொள்வது பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்து யூனிட்டில் நான்கைக் கருத்துகளுக்கு நிலையாக வைத்துக்கொண்டு, ஐந்தாவதை ஆண்டுதோறும் ஆசிரியரே தேர்ந்துகொள்ளும்படி விடுங்கள். அந்த ஒரு யூனிட்டுக்கு, அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த பதிப்பின் ஒரு முன்மொழிவை எடுத்து மாணவர்கள் படித்து வாதாடட்டும். ஆய்வகத்தில் திறந்த உரிம வெளியீட்டை நிறுவுங்கள். கடைசிப் பயிற்சியாக ஊரின் ஒரு சங்கமோ, ஆலையோ, தறிக்கூடமோ கேட்கும் ஒரு சிறு மென்பொருளைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். ஆசிரியர்களே, அடுத்த பருவத்தின் முதல் வகுப்பில் பப்ளிக் ஸ்டேட்டிக் என்று கரும்பலகையில் எழுதத் தொடங்குமுன், ஜாவா 25-ஐ ஒருமுறை நிறுவிப் பாருங்கள்.